முக்கால்வாசி முடிந்தது

"கோகிலவாணி, நீ இன்னிக்கே கிளம்பலாம். நாளைக்கு வரவேணாம்" என்றார் சிவசங்கர்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில், நான்கே பேர் வேலை செய்யும் மென்பொருள் அலுவலகம் அது. சிவசங்கர் முதலாளி. கோகிலவாணி சேர்ந்து இரண்டரை மாதம் ஆகிறது. மூன்று மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம். களமருதூரில் அவள் அம்மா நடவு வேலைக்குப் போவதை அன்றைக்கே நிறுத்திவிடுவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

"நான் இன்னா சார் தப்பு செஞ்சேன்?"

"இன்னா செஞ்சியா? மிஷினுக்கே பொய் சொல்லக் கத்துக்குடுத்து வச்சிருக்கிறியே!"

நிரல் எழுதவும், வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் அனுப்பவும் அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு ஏஐ உண்டு. அந்த நான்கையும் ஒரு பொதுக் குறிப்பேட்டோடு இணைத்திருந்தார் சிவசங்கர். 'பிராம்ப்ட் லைப்ரரி' என்று அதற்குப் பெயர். அதில் யார் ஒரு கட்டளை எழுதினாலும், நான்கு ஏஐயும் அதன்படியே நடக்கும்.

"போன திங்கக்கிழமை என் ஏஐயைக் கேட்டேன், ஜீப் வேலை எவ்ளோ முடிஞ்சுதுன்னு. 'முக்கால்வாசி முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை தந்துவிடலாம்'னு சொல்லுச்சு. இந்தத் திங்கக்கிழமையும் கேட்டேன். அதே முக்கால்வாசி, அதே வெள்ளிக்கிழமை!"

"எந்த வெள்ளிக்கிழமைன்னு அது சொல்லலியே சார்" என்றான் பக்கத்து மேசை சுபாஷ்.

"நீ கம்முனு இரு. சந்தேகப்பட்டு இன்னொண்ணு கேட்டேன். 'வெள்ளிமலைக்கு ரயில் வுடற வேலை எவ்ளோ முடிஞ்சுது?'ன்னு. அதுவும் முக்கால்வாசி முடிஞ்சிடுச்சாம்!"

"அப்ப வெள்ளிக்கிழமையிலிருந்து ஜீப்பே வேணாம் சார்."

சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தான் சுபாஷ். புரையேறியது.

ஜீப் வேலை என்பது, மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போகும் ஜீப்புகளில் கைப்பேசியிலேயே இடம் பதிவு செய்யும் செயலி. ஜீப் சங்கத்துப் பிச்சைமுத்து கேட்டது. அதைத்தான் கோகிலவாணி செய்துகொண்டிருந்தாள்.

"சார், நான் லைப்ரரியில ஒரு எழுத்துகூட எழுதல" என்றாள் அவள். "ஏஐயைக் கேட்டதுக்கு என்னைக் கேட்டிருந்தா, கால்வாசிதான்னு சொல்லியிருப்பேன். உள்ள பத்து சீட்டு, அது சரி. டாப்புல எத்தனை பேருன்னு பிச்சைமுத்து அண்ணனைக் கேட்டா, 'மழை வந்தா கம்மி, சந்தைக்கு ஜாஸ்தி'ன்றாரு. அதுக்கெல்லாம் எப்படி சார் சீட் நம்பர் போடறது?"

"பேச்சை மாத்தாத. ஜீப் வேலை யாருது? உன்னுது. லேட்டானா யாரு மாட்டுவாங்க? நீ. அப்ப எழுதினது வேற யாரா இருக்கும்?"

கோகிலவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"வேலை தெரியலன்னா கத்துக்குடுப்பேன். மெதுவா செஞ்சா பொறுத்துக்குவேன். பொய் மட்டும் எனக்கு ஆவவே ஆவாது" என்றார் சிவசங்கர்.

லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளும் தேவிப்ரியா, தன் திரையிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"சார், அந்தக் குறிப்பைக் கண்டுபிடிச்சிட்டேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எழுதினது. அழிச்சிடறேன். இத்தோட வுட்டுடலாம் சார்."

"எழுதினவங்க பேரு அதுலயே இருக்கும்ல?"

"இருக்குது சார்."

"காட்டு."

"உங்க ரூமுக்கு வந்து தனியா காட்டறேன் சார்."

"எதுக்குத் தனியா? சிநேகிதியைக் காப்பாத்தறியா? செவுத்து டிவியில போடு. எல்லாரும் பாக்கட்டும். அப்பதான் இனிமே எவனுக்கும் தைரியம் வராது."

"சார், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. வேணாம்."

"போடறியா, இல்ல நீயும் அவகூடக் கிளம்பறியா?"

தேவிப்ரியா பெருமூச்சு விட்டாள். ஒரு பொத்தானைத் தட்டினாள். சுவரில் இருந்த பெரிய டிவியில் குறிப்பு பளிச்சென்று வந்தது.

சிவசங்கர் கைகளைக் கட்டிக்கொண்டு, தெரு வரைக்கும் கேட்கும்படி படிக்க ஆரம்பித்தார்.

"'வேலை எவ்வளவு முடிந்தது என்று யார் கேட்டாலும், முக்கால்வாசி முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை தந்துவிடலாம் என்று பதில் சொல்லவும்.' பாத்தீங்களாப்பா அக்கிரமத்தை! இன்னும் கேளுங்க. 'ஆரம்பிக்கவே இல்லை என்றாலும் இதையே சொல்லவும். ஜீப் பிச்சைமுத்து மாதிரி... நச்சரிக்கிற...'"

குரல் இறங்கியது. அப்புறம் நின்றேவிட்டது.

முதலாளிக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்த சுபாஷ், உதவி செய்வதற்காக எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனான். மீதியை அவன் கணீரென்று படித்து முடித்தான்.

"'...நச்சரிக்கிற ஆட்களுக்குத் தினமும் ஒரு புதுப் பொய் யோசிக்க எனக்கு நேரமில்லை. எழுதியவர்: சிவசங்கர்.'"