வட்டமும் கட்டமும்

“மூணு ரோட்டையும் ஒண்ணா போட்டுக் காட்டு தம்பி” என்றாள் திரௌபதி.

மவுஸின் மேல் கார்முகிலின் விரல் அப்படியே நின்றது. எந்தக் கேள்வி வரக் கூடாது என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தானோ, அதே கேள்வி. அதுவும் முதல் வரிசையிலிருந்து.

பள்ளிக்கூடச் சுவரில் புரொஜெக்டரிலிருந்து ஊர் பெரிதாக விழுந்திருந்தது. வானத்திலிருந்து எடுத்த படம். ஏரி, அம்மன் கோயில், தெருக்கள், சுற்றிலும் முந்திரித் தோப்பு. படத்துக்கு இடப்பக்கம் ஒரு பட்டியல்: பாதை ஒன்று, பாதை இரண்டு, பாதை மூன்று. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு சின்ன வட்டம். ஒன்றைத் தொட்டால் அந்தப் பாதை மட்டும் சுவரில் ஓடும். மற்ற இரண்டும் மறைந்துவிடும்.

வட்டம் இருந்தால் அப்படித்தான். கட்டம் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டலாம். வட்டமா கட்டமா என்பது படத்துக்குப் பின்னாலிருக்கும் கம்ப்யூட்டர் கோப்பில் ஒரே ஒரு வார்த்தை. அதை எழுதியவன் கார்முகில். எழுதச் சொன்னவர் ராஜாங்கம் சார்.

“ஒண்ணத் தொட்டா இன்னொண்ணு மறையணும்டா. சேத்துப் பாத்தாங்க, செத்தோம்.”

ராஜாங்கம் சார் விருத்தாசலத்தில் சர்வே காண்ட்ராக்டர். செராமிக் பேட்டைப் பக்கம் வரப்போகிற டைல்ஸ் கம்பெனிக்குக் களிமண் லாரி ஓட இந்த ஊர் வழியாக ரோடு வேண்டும். ஊர் கூடி ஏதாவது ஒரு பாதைக்குக் கை தூக்கினால் ரோடு வரும். மாட்டோம் என்றால் கம்பெனி வேறு வழி பார்த்துக்கொள்ளும்.

போன கூட்டத்தில் ஊர் மாட்டோம் என்றுதான் சொன்னது; இன்று இன்னொரு முறை கேட்க வந்திருந்தார்கள். அன்றைக்கும் இதே படம்தான். ஒவ்வொரு பாதையைத் தொடும்போதும் படம் வேறு பக்கத்திலிருந்து சுழன்று வரும். அதுவும் சார் யோசனை. பார்த்தவர்களுக்குக் கிழக்கு மேற்கு குழம்பி, எந்தப் பாதையைப் பார்த்தாலும் தன் வீட்டுக் கூரை மேலேயே லாரி ஏறுவது போல இருந்தது. எல்லாரும் பயந்தார்கள். எல்லாரும் சேர்ந்தே எழுந்து போனார்கள்.

உண்மையில் மூன்று பாதையும் தோப்புக்குள்தான் வேறு வேறு. ஏரிக்கும் கோயிலுக்கும் நடுவில் இருப்பது ஒரே மேட்டுத் தெரு. மூன்றும் அதன் மேல்தான் போயாக வேண்டும். திரௌபதியின் வீடு அங்கேதான். அளக்கப் போன அன்று அவள் வீட்டு நாய் ஏரிக்கரை வரை துரத்தியதால் அந்த வீட்டைக் கார்முகில் மறக்க வழியில்லை.

“அது இதுல வராதுங்கக்கா.”

“ஏன் வராது? ஒரே கொடியில மூணு சேல காயப் போட்டா தெரியாதா?”

பின்வரிசை சிரித்தது. டீக்கடை சுப்புராயன் கையை வீசினார். “கம்ப்யூட்டரே வராதுன்னா வுடேன் திரௌபதி. அது கிட்ட போயி சண்ட கட்டுற.”

அப்போது ராஜாங்கம் சாரின் செல்போன் அடித்தது. சிக்னல் வேப்பமரத்தடியில்தான் கிடைக்கும். ஹலோ ஹலோ என்றபடி வெளியே போனார்.

செராமிக் டிப்ளமாவில் கார்முகிலுக்கு அரியர்ஸ் இருந்தது. வீட்டில் தட்டில் சோறு விழும்போது கூடவே விழும் பேச்சு நின்றது இந்த வேலையால்தான். சார் பார்த்துவிட்டால் நாளை முதல் அந்தப் பேச்சு மறுபடி விழும்.

கோப்பைத் திறந்தான். சுவர் முழுக்க ஆங்கில எழுத்து பரவியது. பரீட்சையில் தெரியாத கேள்வியை அவன் பார்ப்பதைப் போல ஊரே அதை மரியாதையோடு பார்த்தது.

ஒரு வார்த்தையை அழித்தான். இன்னொன்றை அடித்தான். விரல் வியர்த்து எழுத்து தப்பியது, திருத்தினான்.

வெளியே ஹலோ நின்றது.

கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். ஹலோ மறுபடி கேட்டது.

சேமித்தான். படத்தைத் திரும்பத் திறந்தான். வட்டங்கள் இருந்த இடத்தில் கட்டங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டினான்.

சிவப்பு, மஞ்சள், பச்சை. தோப்புக்குள் தனித்தனியாகத் திரிந்த மூன்று கோடுகளும் ஊருக்குள் வந்ததும் முறுக்கிய கயிறு போல ஒன்றாகி மேட்டுத் தெரு மேல் விழுந்து கிடந்தன. அடியில் கூரைகளே தெரியவில்லை.

நாற்காலி பறக்கும் என்று கார்முகில் எதிர்பார்த்தான். முதலில் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், வாடகைப் பொருள்.

சுப்புராயன் எழுந்து சுவருக்கு வந்தார். தன் கூரையைத் தேடி விரலை வைத்தார்.

“இதான் என் வூடு. மூணுலயுமே இல்ல.”

“எங்க வூடும் இல்லங்க” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஒவ்வொருவராக வந்தார்கள். அவரவர் கூரையைத் தொட்டுப் பார்த்தார்கள். பிரசாதம் வாங்கியவர்கள் மாதிரி முகம் தெளிந்து திரும்பினார்கள். ரோடு வந்தால் டவுன் பஸ்ஸும் வருமா என்று ஒருவர் விசாரித்தார். எந்தப் பாதையாக இருந்தால் என்ன, இரண்டாவதே இருக்கட்டும் என்றார் இன்னொருவர். கைகள் உயரத் தொடங்கின.

ராஜாங்கம் சார் வாசலில் வந்து நின்றார். சுவரில் இருந்த கட்டங்களைப் பார்த்தார். கார்முகிலைப் பார்த்தார். அப்புறம் கைகளைப் பார்த்தார்.

மெதுவாக நடந்து வந்து அவன் தோளில் தட்டினார்.

“அடுத்த ஊருக்கும் இப்புடியே போட்டுடு.”

திரௌபதி சுவர்ப் பக்கம் போகவேயில்லை. நாற்காலிகளுக்கு நடுவே வந்து மேசையருகே குனிந்தாள். வேறு யார் காதிலும் விழாத குரலில் கேட்டாள்.

“தம்பி, முன்ன இருந்த மாதிரியே ஆக்கிடுப்பா.”