கோட்டைக்குள்ளே

ஐந்தாம் வகுப்புத் தரை முழுக்க ஆளுக்கொரு ரஞ்சன்குடி கோட்டை எழும்பிக்கொண்டிருக்கிறது. வரலாற்றுப் பாடத்துக்கு வீட்டில் மிஞ்சிய அழைப்புப் பத்திரிகை அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னது பரிமளா டீச்சர்தான். மடித்து ஒட்டிய மதில்களில் கல்யாணப் பிள்ளையார்களும் காதுகுத்து மயில்களும் ஜன்னல் வெயிலில் மினுங்குகின்றன. சத்துணவுச் சோற்றை மசித்த பசை லேசாகப் புளித்து மணக்கிறது. டீச்சர் ஒவ்வொரு கோட்டையாகக் குனிந்து, வாசல் வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்து, "உள்ள யாரு?" என்று கேட்கிறாள். "சிப்பாயிங்க டீச்சர்!" "குதிரைங்க டீச்சர்!" இலக்கியாவின் கோட்டை மட்டும் வெள்ளைவெளேரென்று நிற்கிறது. அச்சடித்த பக்கத்தை அவள் உள்பக்கமாக வைத்து மடித்திருக்கிறாள். டீச்சர் குனிகிறாள். வாசலுக்குள், கறுப்புக் கட்டம் போட்ட கருமாதிப் பத்திரிகையில், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய இலக்கியாவின் அப்பா சிரிக்கிறார். போன மாதம் அடித்த பத்திரிகை. நாலு மதிலிலும் அவர்தான். டீச்சர் நிமிராமல் அப்படியே இருக்கிறாள். பின்னால் கத்தரிக்கோல்கள் நறுக்கிக்கொண்டே இருக்கின்றன. இலக்கியா பசை விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். பிறகு மெல்லச் சொல்கிறாள்: "என்னைய மட்டும் கேக்கலையே டீச்சர், உள்ள யாருன்னு."