நிஸ்தார் ஸேரின் பெயரை எடுத்துடுங்க

"இந்த மனுஷன் ஃபெயிலாகித் திரும்பப் படிக்கிறதுக்கு நான் ஏன் மார்க் இழக்கணும்?"

ஸஜீதா டீச்சர் போனை மேசையில் வைத்த வேகத்தில், பக்கத்திலிருந்த டிலானி டீச்சரின் தேத்தண்ணி தளும்பியது.

நாலந்தாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். இடைவேளை நேரம். போனில் இருந்தது, ஒன்லைனில் நடக்கும் கல்வி முதுமாணி, அதாவது எம்.எட். படிப்பின் பெயர்ப் பட்டியல். 'விசேட தேவைக் கல்வி' என்ற பாடத்தின் கீழ் ஸஜீதாவின் பெயர் இருந்தது. கடைசியில் நிஸ்தார். பக்கத்திலேயே, 'இரண்டாம் தடவை'.

நிஸ்தார் ஸேர் இதே பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம்தான்.

"இந்த வயசுல எதுக்கு இந்த ஆசையோ!" என்றாள் டிலானி. "ஒரு தடவ விழுந்தா கௌரவமா விட்டுற வேணாமா?"

ஆசிரியர் அறையில் அடுத்தவர் மார்க்கைப் பற்றித்தான் ஆராய்ச்சி அதிகம்.

"போன சனிக்கிழமை கிளாஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா? மைக்க மூடல்ல. மிஸ் பாடம் நடத்துறாங்க, இவரு பொண்டாட்டிகிட்ட, 'ஸரீனா, மேல இன்னும் மிளகு ஈக்குது, ஏணிய இங்கிட்டுத் தள்ளு'ங்கிறாரு. மொத்தக் கிளாஸும் கேட்டுச்சு."

டிலானி சிரித்தாள். ஸஜீதா சிரிக்கவில்லை.

"என் குறூப்புல வேற போட்டிருக்காங்க. நாலு பேர் சேர்ந்து செய்ற வேலை. ஒரு வரி எழுதல்ல. கேட்டா, 'நான் எழுதக் கூடாது டீச்சர், நீங்க எழுதுங்க'ங்கிறாரு. கூடாதாம்!"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. இரத்தோட்டையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வருகிறவள். நாலு வயது மகள் எழும்பும்போது உம்மாவான இவள் வீட்டில் இருப்பதில்லை. வருகிற ஜனவரியில் இரத்தோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் காலியாகிறது. முதுமாணி முடித்தவருக்குத்தான் அது கிடைக்கும்.

அதற்காகவே எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் எடுப்பது என்று கலர் பேனைகளால் ஓர் அட்டவணை போட்டு வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் அதைப் பார்க்காதவர் இல்லை. காட்டாமல் அவள் விட்டதில்லை. மிச்சமிருப்பது இந்த ஒரு பாடம். டிசம்பருக்குள் அது முடிய வேண்டும்.

அந்த நேரம் பார்த்து நிஸ்தார் ஸேர் உள்ளே வந்தார்.

"டீச்சர், வாற சனிக்கிழமை கிளாஸ் எத்தன மணிக்கு?"

"எட்டுக்கு."

"சரி, எப்படியும் வந்துருவேன்."

"வந்து?"

நிஸ்தார் ஸேர் யோசித்தார்.

"வந்து... இருப்பேன்" என்றார். சோக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதற்கு மேல் என்ன பொறுமை? அந்தப் படிப்பின் பதிவுகளைப் பார்க்கும் அம்ஹருக்கு ஸஜீதா அங்கேயே போன் போட்டாள்.

"பேர் சேர்க்க, எடுக்க இன்னைக்கு நாலு மணி வரைக்கும்தானே?"

"ஓம் டீச்சர். இன்னைக்குத்தான் கடைசி."

"அப்ப நிஸ்தார் ஸேரின் பெயரை எடுத்துடுங்க. வேலை ஒண்ணும் செய்றாரில்ல. வேணும்னா எழுதித் தாறேன்."

அம்ஹர் பட்டியலை எண்ணிப் பார்த்தார்.

"எழுதித் தந்தா எடுக்கலாம்தான். ஆனா எடுத்தா ஒம்பது பேர். பத்துப் பேர் இல்லாட்டி அந்தப் பாடம் நடக்காது டீச்சர். அடுத்த வருஷம்தான்."

ஸஜீதா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஃபெயிலான ஒருத்தர நம்பியா பாடம் நடக்குது?"

"யாரு ஃபெயில்? நிஸ்தார் ஸேரா? போன வருஷமே இதுல ஏ எடுத்தவரு. பாஸான ஆள் எழுதினா குறூப்போட மார்க்க வெட்டிருவாங்க. அதான் எழுதுறாரில்ல."

"அப்ப எதுக்குத் திரும்ப..."

"ஆய்வறிக்கைக்குக் கையெழுத்து வாங்க வந்தாரு. ஒம்பது பேர்தான், பாடத்த மூடப் போறோம்னு பேச்சுவாக்குல சொல்லிட்டேன். பட்டியல வாங்கிப் பாத்தாரு. 'என் பேரையும் போடுங்க. எங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க இதுல ஈக்கிறாங்க, பிள்ள எழும்ப முந்தி வீட்ட விட்டு வாறவங்க'ன்னாரு. ஒங்களுக்குச் சொல்ல வேணாம்னும் சொன்னாரு."

"என்ன, எடுத்துட்டாங்களா?" என்று டிலானி கண்ணால் கேட்டாள். ஸஜீதாவுக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. அழுகைக்கு முந்தி வெட்கம் வந்தது.

"டீச்சர், நாலு மணிக்குப் பட்டியல மூடணும்" என்றார் அம்ஹர். "பேர எடுக்கவா?"