கந்தப்போடியின் காணி

“பதினாலாம் துண்டு மிஸ்டர் கந்தப்போடிக்குக் கொடுத்தது. நீங்கள் ஏன் கொத்துகிறீர்கள்?” என்று கேட்டார் நகரசபை அதிகாரி.

அது 1986 கோடை. கனடாவில், நகரசபை துண்டு துண்டாகப் பிரித்துப் பயிர்செய்யக் கொடுத்த ரெக்ஸ்டேல் பொதுத் தோட்டத்தில் பாக்கியராசா மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

“அவர் வரமாட்டார், சேர். அவருக்காக நான்தான் செய்கிறேன்.”

“மூன்று கோடையாக அவரைக் கண்டதில்லை. இனியும் வராவிட்டால் துண்டு வேறு ஆளுக்குப் போய்விடும்.”

கத்தரிக்காய் ஆய்ந்துகொண்டிருந்த மனைவி பரிமளம் பதறிப்போனாள். “உங்கட பாஸ்போட்டக் காட்டுங்களன்! என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?”

பாக்கியராசா சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டியதை அதிகாரி வாங்கிப் பார்த்தார். ‘கந்தப்போடி பாக்கியராசா’ என்று இருந்தது.

“அட, நீங்கள்தானா அது!”

“இல்லை, சேர். முன்னுக்கு இருப்பது அப்பாவின் பெயர். எங்கள் வழக்கம் அப்படி.”

“அப்படியென்றால் பட்டியலில்தான் பிழை. இப்போதே உங்கள் பெயருக்கு மாற்றிவிடுகிறேன்.”

“வேண்டாம், சேர். அப்படியே இருக்கட்டும்.”

“ஆள் இருந்தால் எனக்குச் சரி” என்று சிரித்தபடி அதிகாரி அடுத்த துண்டுக்குப் போனார்.

“மாத்தியிருக்கலாமே?” என்றாள் பரிமளம்.

“மட்டக்களப்பில போடியார் எண்டா வயல் வாய்க்கால் உள்ள ஆள். எங்கட அப்பா சாகுமட்டும் மத்தவன்ட வயலிலதான் கூலிக்கு நிண்டார். ‘போடியார் வாறார்’ எண்டு ஊரே நக்கலடிக்கும். அவரும் சிரிச்சிக்கிட்டுத்தான் போவார்.”

பாக்கியராசா குனிந்து கத்தரிக் கன்றுக்கு மண் அணைத்தார்.

“இந்தப் போடியாருக்கு நான் கூலிக்காரனா இருந்திட்டுப் போறன், புள்ள.”