வலியில்லாத நாளிலும்

ஐயப்பன் மறுபடியும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டான் பாரு," என்றார் டாக்டர் ரகுநாதன். தோஹா தொழில்பேட்டையில் இருந்த அந்தச் சின்ன கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லாரும் தொழிலாளர் கேம்ப் ஆட்கள்தான். அதில் ட்யூட்டிக்கு டிமிக்கி கொடுக்க வருகிறவன் எவன் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது அவருடைய நினைப்பு.

கை வலி, கால் வலி, இடுப்பு வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. காய்ச்சலும் இல்லை. வெயில் ஏறினால் வலிக்கிறதாம், ஊசி போட்டால் சரியாகிறதாம். லீவுக்காக நடிக்கிறான், நம்பாதீர்கள் என்று கேம்ப் பாஸ் உஸைர் போனிலேயே சொல்லியிருந்தார்.

"பானு, நீயும் நீலகிரிதானே? உங்க ஊர்க்காரங்க எல்லாரும் இப்படித்தானா?"

நர்ஸ் பானுப்பிரியா சிரித்து மழுப்பினாள்.

ஐயப்பனின் கண்ணில் மஞ்சள் ஓடியிருந்தது. அந்த மஞ்சளை அவளுக்குத் தெரியும். அவள் அண்ணன் ரங்கனுக்கும் இதே மஞ்சள், இதே வலி. கோத்தகிரிக்குக் கீழே அவர்களுடைய இருளர் குடியிருப்பில் சோம்பேறி என்று பெயர் வாங்கி, இருபது வயதில் போய்ச் சேர்ந்தான். ரத்த அணு அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக்குழாயை அடைக்கிற சிக்கிள் செல் வியாதி அது, மலைச்சனங்களுக்கு அதிகம் வருவது என்று நர்ஸிங் படிக்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் அண்ணன் இல்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் உனக்கெப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்பார். இங்கே எல்லாருக்கும் அவள் குன்னூர் எஸ்டேட் கிளார்க்கின் மகள். நர்ஸிங் ஹாஸ்டலில் இருளர் பெண் என்று தன் தட்டைத் தனியே ஒதுக்கி வைத்தவர்களைப் பார்த்த பிறகு, அவளே கட்டிவிட்ட கதை அது.

"பனடால் மாத்திரை குடுத்து அனுப்பு," என்றார் டாக்டர்.

கொடுத்தாள். கூடவே கொஞ்சம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையும் அவன் கையில் திணித்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு நொண்டிக்கொண்டே போனான். அடுத்த முறை வந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அடுத்த முறையும் அப்படியே நினைத்தாள்.

ஜூலை வெயிலில் ஐயப்பன் கட்டட சைட்டிலேயே சுருண்டு விழுந்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்துப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்கள். உயிர் தப்பியது. ஆனால் ரத்தம் போகாமல் இடுப்பு மூட்டு எலும்பு செத்துப்போயிருந்தது. இனி பாரம் தூக்க முடியாது, கம்பெனி ஊருக்கு அனுப்புகிறது என்றார்கள்.

"சிக்கிள் செல்லாம்," என்றார் ரகுநாதன். "அரபிக்காரங்களுக்கு இது சகஜம். அவங்கள்ல ஒருத்தர் இந்த வலியோட வந்திருந்தா அன்னைக்கே டெஸ்ட் எழுதியிருப்பேன். இவனுக்கு வரும்னு தோணவே இல்லை பானு."

பானு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஐயப்பனைப் பார்க்கப் போனாள். கட்டிலோரம் உட்கார்ந்து, அவன் தமிழிலும் ஒட்டியிருந்த, பல வருஷமாக அவள் வாயில் வராத இருளர் பேச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். தான் யார், அண்ணன் எப்படிப் போனான், முதல் நாளே புரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை, எல்லாம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.

ஐயப்பன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"என் வியாதி உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது," என்றான். "ஆனா நீ யாருன்னு தெரியும் தங்கச்சி. ரங்கன் என்கூடப் படிச்சவன். அவன் மூஞ்சிதான் உனக்கு. அந்த சிஸ்டர் உங்க ஊராமே, உனக்குத் தெரிஞ்சவங்களான்னு உஸைர் பாய் கூடக் கேட்டாரு. தெரியாதுன்னுட்டேன்."

அவளால் நிமிர முடியவில்லை.

"நான் நடிக்கிறேன்னு எல்லாரும் சொன்னதும் முழுப்பொய் இல்லை. சில நாள் எனக்கு வலியே இருக்காது. நம்மள்ல ஒருத்தி அந்த உடுப்புல நிக்கிறதைப் பாத்துட்டுப் போலாம்னுதான் வருவேன்."