டயர்டுக்கு அடுத்த வார்த்தை

"உடம்ப அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குங்க டாக்டர்," என்றாள் இஸ்திரிக்காரி.

போனின் ஒரு முனையில் அவள். இன்னொரு முனையில் டாக்டர். நடுவே, கண்ணாடி அறைக்குள், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவள் தமிழை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்கிற இவள்.

அந்தப் பேச்சு இவளுக்கு ஒரு நொடி நாக்கின் நுனியில் நின்றது. 'டயர்ட்' என்று சொல்லிவிடலாம். ஆனால் டயர்ட் என்றால் நன்றாகத் தூங்கி எழுந்திரு என்று அனுப்பிவிடுவார்கள். 'வீக்' என்றால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 'ஃபெயின்ட்' என்றால் ஆளை அப்படியே படுக்கவைத்து நெஞ்சில் ஒயரை ஒட்டுவார்கள். சட்டியின் அடியைக்கூடச் சுரண்டி எடுத்தாகிவிட்டது, இனி ஒன்றுமில்லை என்பதற்கு 'எக்ஸாஸ்டட்'.

வார்த்தை மாறினால் வைத்தியமே மாறிவிடும். அதனால் இவள் பொன் நிறுப்பதுபோல் நிறுத்துத்தான் கொடுப்பாள்.

"ஐ ஆம் எக்ஸாஸ்டட்," என்றாள்.

ஐ. நான். அது இந்த வேலையின் முதல் சட்டம். நோயாளி 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். தன் சார்பில் ஏதும் கேட்க நேர்ந்தால், 'மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்' என்று, யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும்.

ஆக, ஷிப்ட் முடிகிறவரை இவளுடைய 'நான்' வாடகைக்குப் போய்விடும். இன்று காலையிலிருந்து இவளுக்கு மூட்டு வலித்துவிட்டது, கடைவாய்ப் பல் ஆடிவிட்டது, இரண்டு தடவை பிரசவ வலியும் எடுத்துவிட்டது.

"பெட்டியத் தூக்குனா கை நடுங்குது. முதலாளிகிட்ட சொன்னா, நடிக்காதங்கறான்."

இவள் ஒரு சொல்லும் சிந்தாமல் மாற்றிக் கொடுத்தாள். நடுக்கத்தையும், முதலாளியையும்.

கண்ணாடிக்கு வெளியே சூப்பர்வைசர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். எல்லா அழைப்பும் பதிவாகும். நடுவில் சொந்தக் கதை பேசிய ஒருத்தி அன்றைக்கே கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அவரிடம் போன வாரம் இவளும் போய் நின்றாள். "கொஞ்சம் டயர்டா இருக்கு சார்."

"யாருக்கும்மா இல்ல? சூடா ஒரு காபி குடிங்க, பறந்துடும்."

வீட்டிலும் அதே வார்த்தையைத்தான் சொன்னாள். கணவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உக்காந்துக்கிட்டு பேசுற வேலைதானே? என்னமோ மூட்டை தூக்கிட்டு வந்த மாதிரி."

இவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள். ஊருக்கெல்லாம் தேடித்தேடி எடுத்துக் கொடுக்கிறவள், தனக்கென்று வரும்போது கைக்கு எட்டின மலிவான ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

டாக்டர், நாளை காலை வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னார். இவள் சொன்னாள்.

"சரிங்க, வந்துடறேன்," என்றாள் இஸ்திரிக்காரி.

அதையும் சொன்னாள்.

எல்லோரிடமும் கடைசியில் கேட்பதை டாக்டர் கேட்டார். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா?

இவள் திரையை ஒரு தடவை பார்த்தாள்.

"உண்டு," என்றாள் இவள், ஆங்கிலத்தில். "படி ஏறினால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். டயர்ட் இல்லை டாக்டர். ஃபெயின்ட்."

டாக்டரின் குரல் நிமிர்ந்து உட்கார்ந்தது. எத்தனை நாளாக?

"பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து. நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று அடித்துக்கொள்கிறது. சட்டென்று நின்றுவிடுகிறது. நிற்கிறபோது கையில் இருப்பது நழுவி விழுகிறது. இன்று காலை ஒரு கண்ணாடி டம்ளர்."

வீட்டில் சொல்லவில்லையா?

"சொன்னேன். தப்பான வார்த்தையைச் சொல்லிவிட்டேன்."

மறுமுனையில் விசைப்பலகையை வேகமாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. ரத்தப் பரிசோதனை இருக்கட்டும், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த இஸ்திரிப் பெட்டியை இனிமேல் தொடக்கூடாது. நாளெல்லாம் அந்த ஆவியில் நின்றுகொண்டே வேலை செய்தால் உடம்பு எப்படித் தாங்கும்? முதலாளிக்கு நானே எழுதித் தருகிறேன்.

சூப்பர்வைசர் கண்ணாடியில் விரலால் தட்டினார். மணிக்கட்டைக் காட்டினார். அடுத்த அழைப்பு காத்திருக்கிறது.

இவள் அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு குனிந்து, மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டாள்.

"இல்லை டாக்டர். நான் நின்றுகொண்டு வேலை செய்யவில்லை. உட்கார்ந்துகொண்டு பேசுகிற வேலை."

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

இவளுக்கு முன்னால் இருந்த திரையில், டாக்டரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த விளக்கு அணைந்திருந்தது. 'சரிங்க, வந்துடறேன்' என்று சொன்ன கையோடு இஸ்திரிக்காரி போனை வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

டாக்டர் தணிந்த குரலில் கேட்டார்: "இப்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

பழக்கதோஷம். அதைத் தமிழில் சொல்ல இவள் வாய் தானாகத் திறந்தது.

சொல்வதற்கு லைனில் வேறு யாரும் இல்லை.