கோழிக்குக் கோபம் வரவில்லை

"செருப்பை இப்படிப் பரப்பி வச்சா மனுஷங்க எப்படி நடக்கிறது?"

பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஆரம்பித்துவிட்டார்.

வாசலில் இருந்ததோ இரண்டே ஜோடி. ஆனாலும் அவர் இடுப்பில் கை வைத்து, கழுத்தை முன்னால் நீட்டி, விரலை ஆட்டிப் பேசிய பேச்சில் மாடிப்படி முழுக்கக் கதவுகள் திறந்தன. வலியப் போய்ச் சண்டை பிடிப்பதே இந்தம்மாவுக்கு வேலை என்று மேல்வீட்டுக்காரர் முணுமுணுத்துவிட்டுத் தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குனிந்து செருப்பை எடுத்தாள். அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

மகளுக்கோ கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். அவள் அனிமேஷன் படிக்கிறாள். கடைசி வருஷக் குறும்படத்தை நாலு பேர் சேர்ந்து செய்கிறார்கள். குஞ்சைத் தூக்க வரும் பருந்தை ஒரு கோழி தனியாக எதிர்த்து நிற்கும் கதை. கோழிக்கு உயிர் கொடுப்பது இவள் பொறுப்பு.

கோழி நடந்தது, கொத்தியது, குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. பருந்தைப் பார்த்துக் கோபப்பட வேண்டிய காட்சியில் மட்டும் சொதப்பியது. வரைந்து வரைந்து கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

"உன் கோழி பருந்தை விரட்டலம்மா, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கன்னு உபசரிக்குது" என்றார் பேராசிரியர். அடுத்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் படம் போட்டிக்குப் போகாது என்றும் சொல்லிவிட்டார். நாலு பேருடைய ஒரு வருஷ உழைப்பு ஒரு கோழியின் முகத்தில் தொங்கியது.

இந்த மாதிரி நேரத்தில் யாரையாவது நடிக்கச் சொல்லி வீடியோ எடுத்து, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தோள் எப்போது ஏறுகிறது, கண் எப்போது விரிகிறது என்று கவனித்து வரைவார்கள். வீட்டில் இருந்தது அம்மா. அவளை ஹால் நடுவில் நிறுத்தி, மேலே சுற்றுகிற ஃபேன்தான் பருந்து, திட்டு என்றாள். அம்மா நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தாள். திட்டு வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

"பாவம்டி, அதுக்கும் பசிக்கும்ல" என்றாள்.

மகள் வாய்விட்டே அழுதுவிட்டாள். கோழிக்குக் கோபமே வர மாட்டேங்குதே என்று ஒருத்தி அழுதால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அவளுக்கு அது உயிர் போகிற விஷயம்.

அதற்கு மறுநாள்தான் இந்தச் செருப்புச் சண்டை.

மகள் சட்டைப் பையில் ஃபோனைச் செருகி, கேமரா வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கேட்காமல் ஒருத்தரைப் படம் எடுப்பது தப்பு என்று அவளுக்கும் தெரியும். என்ன செய்ய, கோழி முக்கியம்.

அடுத்த நாள், குழாய் சொட்டுகிற சத்தத்தில் தூக்கம் போச்சு என்று ஒரு சண்டை. அதற்கடுத்த நாள் வாஷிங் மெஷின் அதிர்கிறதாம். அன்றைக்கு ஆன்ட்டி வாசலோடு நிற்காமல் ஹாலுக்குள்ளேயே வந்து, இரண்டு கையையும் விரித்து ஆடித் தீர்த்துவிட்டார். அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடியும் திட்டினார்.

மகள் வரைய உட்கார்ந்தாள். இடுப்பில் வைத்த கை இறக்கையாயிற்று. ஆட்டிய விரல் இறகாயிற்று. கழுத்தில் மாற்ற ஒன்றுமே இல்லை. கத்துவதற்கு முன்னால் ஆன்ட்டி ஒரு மூச்சை இழுத்து அப்படியே நிறுத்துவார். இத்தனை நாள் கோழியிடம் இல்லாதது அந்த நிறுத்தம்தான். அதைச் சேர்த்ததும் திரையில் கோழி நிஜமாகவே சிலிர்த்து எழுந்தது. ஓட்டிப் பார்த்த பேராசிரியர் தன்னை அறியாமல் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். படம் போட்டிக்குப் போயிற்று.

திரையிடலுக்குக் கிளம்பும்போது, நானும் வரேன் என்று ஆன்ட்டி வந்து நின்றார். அம்மாவுக்குத்தான் யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராதே. மகள் ஆன்ட்டியின் பக்கம் திரும்பாமலே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பருந்து இறங்கியது. கோழி மூச்சை இழுத்து நிறுத்தியதும் அரங்கம் சிரித்தது. அது இறக்கையை விரித்துப் பருந்தின் முகத்துக்கு நேரே போனபோது ஒருவரும் சிரிக்கவில்லை. பருந்து திரும்பிப் பறந்ததும் பின்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. விசில் வேறு.

முதல் பரிசு. நாலு பேரும் மேடைக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு வருஷமாகக் குனிந்தே கிடந்த முதுகுகள் அன்றைக்கு நிமிர்ந்தன. அம்மா அழுதாள். அது மட்டும் அவளுக்கு நன்றாக வரும்.

கோப்பையோடு இறங்கி வந்த மகள் நேராக ஆன்ட்டியிடம் போனாள். அதற்கு மேல் மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"அந்தக் கோழி நீங்கதான் ஆன்ட்டி. நீங்க சண்டை போடும்போது உங்களுக்குத் தெரியாம வீடியோ எடுத்தேன். மன்னிச்சிடுங்க."

"தெரியாமலா?" என்றார் ஆன்ட்டி. "நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிறது சுவரா, அட்டையா? நீ கோழிக்காக அழுதது முழுசும் கேட்டுது. மறுநாள் வந்து கத்தினேன். உன் பையிலேர்ந்து ஃபோன் எட்டிப் பாத்துது. சரி, புள்ளைக்கு வேண்டியது கிடைச்சிடும்னு நினைச்சேன். வாசல்ல வெளிச்சம் பத்தலைன்னுதான் மூணாம் நாள் உள்ளேயே வந்தேன்."

"சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி."

"சொல்லியிருந்தா, சிரமப்படாதீங்க, போதும்னு நீ மரியாதைக்குப் பாதியிலேயே நிறுத்தியிருப்ப."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப உங்களுக்கு எங்க மேல கோபமே இல்லையாக்கா?"

"எனக்கு நிஜமாக் கோபம் வந்தா, நான் வாயே திறக்க மாட்டேன்மா."